இரண்டும் ஒரே நாளில்

யேசுரட்ணத்தின் பேரை நான் முதன்முதல் கேட்டது ஒரு டெனிஷ்காரக் கிழவனின் வாயிலிருந்து. எண்பத்தைந்தாம் ஆண்டு கார்த்திகை மாதம். நாங்கள் அகதிகளாய் ஹொல்ஸ்டெப்ரோவுக்கு வந்து ஒரு கிழமை இருக்கும். கதவு மணி அடித்தது. திறந்தால், மழையில் நனைந்த தொப்பியோடு ஒரு வயதான வெள்ளைக்காரன் நின்றான். என்னைக் கண்டதும் தொப்பியைக் கழற்றிவிட்டு, "யேசு-ரட்-நாம்? யேசு-ரட்-நாம்?" என்றான். எங்கள் ஆக்களின் பேரை அவன் மூன்றாய் முறித்துச் சொன்ன விதத்தில் எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. தன் தலைக்கு மேலே கையை உயர்த்திக் காட்டினான். பிறகு இரண்டு கையாலும் எதையோ தூக்கி எறிகிற மாதிரிக் காட்டினான்.

என் புருஷன் அந்தோனிமுத்து வந்து பார்த்துவிட்டு, "ஆரோ நெட்டையனைத் தேடுறான் போலை. எறியிறான், பிடிக்கிறான், எனக்கொண்டும் விளங்கேல்லை" என்றார்.

அந்த நேரம் மேல் மாடிக் கதவு திறந்து, சாரத்துக்கு மேலே கம்பளிக் கோட்டுப் போட்ட ஒரு இளம் பிள்ளை தடதடவென்று இறங்கி வந்தான். கிழவன் அவன் தோளைப் பிடித்து ஏதோ ஒரு வசனம் சொன்னான். பிள்ளை இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு படியிலேயே குந்திவிட்டான். ஊரில் ஆருக்கோ ஏதோ ஆகிவிட்டதென்றுதான் நினைத்தேன்.

"என்ன மோனை, ஆருக்கு என்ன?"

"முழங்கால் வீங்கிப் போச்சுதாம், அன்ரி."

"ஆற்றை முழங்கால்?"

"டெரலின்ரை. எங்கடை கூடைப்பந்துக் கழகத்து அமெரிக்கன்."

அப்படித்தான் அவனை அறிந்தேன். தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டு, ஆற்றை பிள்ளை என்று விசாரித்தேன். பாஷையூர் மரியநாயகியின் மூத்தவன். தகப்பன் சூசைப்பிள்ளை, கடலுக்குப் போய்த் திரும்பாதவன். சூசைப்பிள்ளை என் சின்னையாவின் மகன், எனக்குத் தம்பி முறை. "எடேய், நான் உனக்கு மாமியடா, அன்ரியாம் அன்ரி" என்றேன். அன்றிலிருந்து அவனுக்கு நான் மாமி, இவர் மாமா. சாப்பாடும் எங்களோடுதான்.

ஊரில் கோயில் வளவில் கூடைப்பந்து விளையாடினவன் அவன். ஹொல்ஸ்டெப்ரோவில் காலையில் பாஷைப் பள்ளிக்கூடம், மத்தியானத்துக்குப் பிறகு செய்ய ஒன்றுமில்லை. வேலைக்கு இன்னும் விடவில்லை. ஒரு நாள் விளையாட்டு மண்டபத்துப் பக்கம் போய், பந்து நிலத்தில் அடிபடுகிற சத்தம் கேட்டு உள்ளே நுழைந்தவன்தான். அங்கேதான் கார்லோ அகப்பட்டான். எங்கள் கதவைத் தட்டிய கிழவன். முன்பு இறைச்சி வெட்டுகிற வேலை செய்தவன், பெண்சாதி செத்துத் தனியாக இருந்தவன். மண்டபத்துத் தேத்தண்ணிக் கடையில் அவனும் அவனைப் போல நாலைந்து பேரும் இருந்து, கழகத்தைப் பற்றியே கதைத்துக்கொண்டிருப்பார்களாம். பந்து விளையாடுகிற நேரம் கொஞ்சம், அதைப் பற்றிக் கதைக்கிற நேரம்தான் கூட.

அங்கே கேட்டதெல்லாம் எங்கள் குசினிக்கு வரும். ஸ்கீவ, ஸ்ருவர் என்று ஊர் ஊராகத் தெரிந்துகொள்ள முதலே, எந்தக் கழகத்தில் எந்த அமெரிக்கன், அவனுக்குக் கொந்தராத்து எதுமட்டும் என்று எங்களுக்குப் பாடமாகிவிட்டது.

"கொந்தராத்து எண்டால் ரோட்டுப் போடுறவைக்கெல்லோ?" என்று இவர் கேட்டார்.

"இவங்களுக்கும் இருக்கு மாமா. வீடு, கார், மாசக் காசு. பங்குனி முடியுமட்டும் எழுதியிருக்கு. ஆனால் முழங்கால் இப்பிடி எண்டால் கழகம் வைச்சிருக்குமோ, வேற கழகத்துக்குக் குடுத்திட்டு ஆளுக்கு ஆள் மாத்துமோ, அதுதான் இப்ப கேள்வி."

"வீடும் காரும் குடுத்து நெட்டையனை எடுத்திருக்கினம். உது மாப்பிளை எடுத்த மாதிரியெல்லோ கிடக்கு" என்றேன் நான்.

கொக்குவில் சபாரத்தினம் அண்ணை பக்கத்துக் கட்டிடத்தில் இருந்தார். ஊரில் புகையிலை வியாபாரம் செய்தவர். பந்து சதுரமோ வட்டமோ என்று தெரியாது, ஆனால் அபிப்பிராயம் சொல்லாமல் எழும்ப மாட்டார். "ஏணி இல்லாமல் தேங்காய் பிடுங்கக்கூடியவனை ஆராவது விடுவானோடாப்பா? முழங்காலுக்கு நல்லெண்ணெயைக் காய்ச்சிப் போடச் சொல்லு" என்பார்.

"அண்ணை, நீங்கள் ஒருக்கா வந்து கார்லோவுக்குச் சொல்லுங்கோ. அவன் உங்களைத் தலைவராக்கிப் போடுவான்."

"ஏன், புகையிலைச் சங்கத்துக்கு நான் தலைவராய் இருக்கேல்லையோ?"

தை மாதக் கடைசி நாள்வரைதான் ஆள் மாற்றலாம், அதற்குப் பிறகு மாற்றினால் அந்த ஆள் அந்த மாரிகாலத்து ஆட்டங்களில் இறங்க ஏலாது என்று யேசுரட்ணம் சொன்னான். அதனால்தான் இந்தப் பரபரப்பு. கிழக்குப் பக்கத்துக் கழகம் ஒன்று டெரலைக் கேட்கிறதாம். பதிலுக்குத் தங்கள் ஆள் ஒருவனைத் தருவார்களாம். எனக்கு விளங்குகிறதுக்காக அவன் சொன்னான்:

"மாமி, உது எங்கடை மாற்றுக் கலியாணம் மாதிரித்தான். அவையள் ஒராளைத் தருவினம், நாங்கள் ஒராளைக் குடுப்பம்."

அவன் அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தான். அவனுக்குத் தெரியாத காரியமா அது? அவனும் அப்போது ஒரு மாற்றுக்குள்தான் நின்றான்.

அவனுக்குக் கீழே ஒரே தங்கச்சி, பற்றிமா. ஸ்கீவவில் எங்கள் ஊர்ப் பிள்ளை அந்தோனிதாசன் இருந்தான். எங்களுக்கு முதலே வந்தவன், பேப்பர் எல்லாம் சரியானவன். அவனுக்கும் ஊரில் ஒரு தங்கச்சி, மாக்கிரட். பற்றிமாவை அந்தோனிதாசன் கட்டுவது, மாக்கிரட்டை யேசுரட்ணம் கட்டுவது. சீதனம் இரண்டு பக்கமும் இல்லை. தாய்மார் பேசி, பங்குச் சுவாமியாருக்கு முன்னால் வாக்குக் கொடுத்தாயிற்று. பொடியன்கள் இரண்டு பேரும் திருச்சிக்குப் போவார்கள், பெட்டைகள் வள்ளத்தில் இந்தியாவுக்கு வருவார்கள், அங்கே ஒரு கோயிலில் இரண்டு தாலியும் ஏறும். அப்படித்தான் ஏற்பாடு.

மாக்கிரட் மேல் அவனுக்கு விருப்பம் ஏற்கெனவே இருந்தது. கோயில் பாட்டுக் குழுவில் பாடினவள் அவள். அந்தோனியார் திருநாளில் நான் கண்டிருக்கிறேன், நல்ல வடிவு, நல்ல குரல். அவளைப் பற்றிக் கேட்டால் யேசுரட்ணம் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, "பாடுவா மாமி" என்று மட்டும் சொல்வான். பற்றிமாவைப் பற்றிக் கேட்டால் கதை நிற்காது. தமையனோடு சண்டை பிடிக்கிறவள், கோயில் வளவில் அவனுக்கு ஆளில்லாத நாட்களில் பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு பந்து எறிய வருகிறவள். "எனக்குப் பந்து பிடிக்கப் பழக்கினதே அவள்தான்" என்பான்.

தை மாதம் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிய, அந்தோனிதாசன் ஸ்கீவவிலிருந்து ரயிலில் வந்தான். பனி கொட்டின நாள். நான் புட்டும் மீன்குழம்பும் வைத்திருந்தேன். சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு வந்தவன், இருக்காமலே கதையைத் தொடங்கினான்.

"மச்சான், உன்ரை பயணப் புத்தகம் வந்திட்டுதோ?"

"இன்னும் இல்லை. வரும்."

"விபூதிப் புதனுக்கு முந்தி வராது போலை. நோன்பு தொடங்கினால் உயிர்த்த ஞாயிறு பாஸ்கா முடியுமட்டும் கோயிலிலை கலியாணம் இல்லை. ஊரிலை இப்ப கிழமைக்கு ரெண்டு மூண்டு தரம் ஷெல் அடிக்கிறாங்கள். நான் ஒண்டு யோசிச்சனான். நான் முதல் போறன். திருச்சியிலை சுவாமி ஒராளோடை கதைச்சிட்டன், நாள் தந்திருக்கிறார். என்ரை தாய்மாமன் பற்றிமாவை மன்னாராலை கூட்டிக்கொண்டு வந்து விடுவார். நான் கட்டிக்கொண்டு வாறன். பாஸ்கா முடிய நீ போய் மாக்கிரட்டைக் கட்டு."

நான் யேசுரட்ணத்தின் முகத்தைப் பார்த்தேன். சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். அவன் முகம் இறுகிப்போய் இருந்தது.

"ரெண்டும் ஒரே நாளிலை எண்டுதானே பேச்சு, மச்சான்."

"ஓம், பேச்சு அப்பிடித்தான். இப்ப நிலைமை வேறயெல்லோ."

"மாற்று எண்டால் ஒரே நாளிலைதான் செய்ய வேணும். ஒராளை முதல் குடுத்தால் மற்றாள் வராது."

அந்தச் சொல் அவனுடையது இல்லை. கார்லோவுடையது. சில வருஷங்களுக்கு முன்னால் அவர்களுடைய கழகம் இப்படித்தான் கைகுலுக்கி நம்பித் தன் ஆளை முதல் அனுப்பினதாம். மற்றக் கழகம் இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்து, நாள் முடிய, தன் ஆளைத் தரவில்லையாம். அந்த வருஷம் கழகம் ஒரு பிரிவு கீழே விழுந்ததாம். கார்லோ இந்தக் கதையைச் சொல்லுகிறபோதெல்லாம் மேசையில் குத்தி, "இரண்டும் ஒரே நாளில்! ஒரே நாளில்!" என்பானாம். யேசுரட்ணம் அதை எங்கள் குசினியில் நடித்துக் காட்டி, நாங்கள் எல்லாரும் சிரித்திருக்கிறோம்.

ஆனால் கார்லோவை மட்டும் குறை சொல்ல ஏலாது. யேசுரட்ணத்தின் குடும்பத்திலும் அது நடந்தது. சூசைப்பிள்ளையின் தம்பி செபமாலை, அவன் குஞ்சியப்பு என்று கூப்பிடுகிற சித்தப்பன், இப்படி ஒரு மாற்றில் தன் தங்கச்சியை முதல் கட்டிக் கொடுத்தான். அவளுக்குப் பிள்ளை பிறந்த பிறகும் அந்த வீட்டார் தங்கள் பெட்டையைத் தரவில்லை. கடைசியில் அவளை வசதியான இடத்தில் கொடுத்தார்கள். செபமாலை கட்டாமலே கிழவனாகிச் செத்தான். யேசுரட்ணம் அவனுடைய மடியில் வளர்ந்த பிள்ளை.

"என்னை நம்பேல்லையோ?" என்று கேட்டான் அந்தோனிதாசன்.

"உன்னை நம்புறன். உன்ரை கொம்மாவைத்தான் நம்பேல்லை."

அந்தோனிதாசன் சிரிக்கப் பார்த்தான், ஏலவில்லை. "அவ உன்ரை கொம்மாவோடை ஒரே பாயிலை இருந்து செபமாலை உருட்டுற மனுசி."

"செபமாலையை உருட்டிக்கொண்டேதான் எங்கடை குஞ்சியப்புவையும் ஏமாத்தினவை."

என் புருஷன் சத்தம் போட்டார். "டேய், உது பந்துக் கழகம் இல்லை! ஷெல் விழுகிற ஊரிலை உன்ரை சகோதரம் இருக்குது. வாறவளை வரவிடு."

"மாமா, பாஸ்கா எப்ப? இந்தா வருது. ரெண்டு பேரும் ஒண்டாய் வருவினம். தனிய வள்ளத்திலை விடுறதிலும் பாக்க அது நல்லமெல்லோ?"

நானும் சொன்னேன். கட்டுகிறது பிறகு கட்டலாம், இரண்டு பெட்டைகளையும் இப்பவே திருச்சிக்கு எடுத்துவிட்டு வைத்திருந்தால் என்ன என்று. கலியாணமாகாத குமர்ப்பிள்ளைகளை அந்நிய தேசத்தில் ஆருடைய வீட்டில் விடுகிறது என்று இரண்டு தாய்மாரும் அதை முன்பே கடிதத்தில் மறுத்திருந்தார்கள். தகப்பன் இல்லாத வீடு. பற்றிமாவுக்குத் தமையன் சொல்தான் முடிவு. தமையன் ஓம் என்றிருந்தால் அவள் மணவாட்டியாய்ப் புறப்பட்டிருப்பாள். அவன் ஓம் என்று சொல்லவில்லை.

அந்தோனிதாசன் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றான். "சரி மச்சான். பேச்சுப் பேச்சுத்தான். பாஸ்காவுக்குப் பிறகு பாப்பம்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

யேசுரட்ணம் ஏன் மறுத்தான் என்று எனக்குத் தெரியும். பற்றிமாவைப் பிடித்து வைத்திருந்தால்தான் மாக்கிரட் தன்னிடம் வருவாள் என்று நினைத்தான். தங்கச்சியில் அன்பில்லாதவன் இல்லை. பாஸ்கா கிட்டத்தான் என்று மெய்யாகவே நம்பினான்.

தை மாதக் கடைசி நாள் வந்தது. கழகம் டெரலைக் கொடுக்கவில்லை. மண்டபத்தில் கார்லோ எல்லாருக்கும் பியர் வாங்கிக் கொடுத்தானாம். யேசுரட்ணம் இருட்டுப்பட முதலே ஓடி வந்து, சப்பாத்துப் பனியோடு என் குசினிக்குள் நின்றுகொண்டு, "பாத்தியளோ மாமி? கடைசி நேரமட்டும் அசையாமல் நிண்டினம். ஆள் நிண்டிட்டான்!" என்றான். சபாரத்தினம் அண்ணை, "நல்லெண்ணெய் போட்டிருப்பான்" என்றார்.

விபூதிப் புதன் வந்தது. நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தோம். அந்தக் கிழமையே அவனுடைய பயணப் புத்தகமும் வந்துவிட்டது. இரண்டு கிழமை முந்தி வந்திருக்கக்கூடாதோ என்று நினைத்தேன். அதைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டு, பாஸ்கா முடிய எந்த விமானம், எங்கே மாறுவது என்று இவரோடு கதைத்துக்கொண்டிருந்தான். மாக்கிரட்டுக்குச் சேலை நான்தான் பார்க்க வேண்டும் என்றான். இரண்டு சேலை, ஒரே விலையில், பற்றிமா பிறகு சண்டைக்கு வருவாள் என்றான்.

நோன்பு நடுவில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் சபாரத்தினம் அண்ணை எங்கள் வீட்டுக்கு வந்தார். அவருடைய வீட்டில்தான் டெலிபோன் இருந்தது. லண்டனிலிருந்து ஆரோ எடுத்திருக்கிறார்கள். அவர் இருக்காமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். சிலுவைப்பாதை முடிந்து கோயிலால் வருகிற ஒழுங்கையில் ஷெல் விழுந்ததாம். மரியநாயகிக்குக் காயம். பற்றிமா அந்த இடத்திலேயே முடிந்துபோனாள். அடக்கமும் நடந்துவிட்டது. நாங்கள் இங்கே சேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

"பொடியன் எங்கை?" என்று கேட்டார்.

"மண்டபத்திலை. இண்டைக்கு ஆட்டம்."

மூன்று பேருமாய்ப் போனோம். அந்த மண்டபத்துக்குள் நான் போனது அன்றைக்கு ஒரு நாள்தான். கதவைத் திறந்ததும் மேளச் சத்தமும், சப்பாத்துகள் பலகையில் கீச்சிடுகிற சத்தமும், சனங்களின் கூச்சலும் முகத்தில் அடித்தது. படிபடியாக ஆட்கள். அவன் நடுவில், கார்லோவுக்குப் பக்கத்தில், கழகத்துச் சால்வையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு நின்றான். ஒரு நெட்டைக் கறுப்புப் பிள்ளை பந்தைக் கூடைக்குள் போட்டான். அவன்தான் டெரலாக இருக்க வேண்டும். யேசுரட்ணமும் கார்லோவும் கட்டிப்பிடித்துத் துள்ளினார்கள். அவ்வளவு சிரிப்பை நான் அவன் முகத்தில் அதற்கு முதல் கண்டதில்லை.

"முடியட்டும்" என்றார் சபாரத்தினம் அண்ணை. "முடியுமட்டும் விடுவம்."

ஆனால் அவன் திரும்பினான். முதல் இவரைக் கண்டு, வாருங்கள் என்று கையைக் காட்டினான். பிறகு என்னைக் கண்டான். பந்தாட்டத்துக்கு மாமி வருவாளா? காட்டின கை அப்படியே நின்றது. ஆட்களுக்கு நடுவால் இறங்கி வந்தான்.

"ஆர் மாமி?"

"பற்றிமா" என்று இவர்தான் சொன்னார்.

அவன் அழவில்லை. சனம் கத்திக்கொண்டே இருந்தது. என் காதுக்குக் கிட்டக் குனிந்து, "நோன்புக்கு முந்தி நேரம் இருந்தது, மாமி" என்றான். அதையே திரும்பச் சொன்னான். "நேரம் இருந்தது."

கார்லோ பின்னால் வந்து என்ன என்று கேட்டான். யேசுரட்ணம் டெனிஷில் ஒரு வசனம் சொன்னான். கிழவன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு படியில் இருந்துவிட்டான். தங்கச்சி செத்த கதையை மட்டும்தான் அவனுக்குச் சொன்னான். மேசையில் குத்திச் சொன்ன அந்தக் கதையைத் தான் எங்கே கொண்டுபோய் வைத்தேன் என்று கார்லோவுக்கு அவன் ஒருநாளும் சொல்லவில்லை. "அவன் பந்தைப் பற்றிச் சொன்னவன், மாமி. நான்தானே மனுசரிலை வைச்சுப் பாத்தனான்" என்றான் என்னிடம்.

பற்றிமாவுக்குப் பூசை ஒப்புக்கொடுத்த அன்று அந்தோனிதாசன் ஸ்கீவவிலிருந்து வந்தான். கறுப்புச் சட்டை போட்டிருந்தான். கட்டுகிறதுக்கு இருந்தவன், துக்கம் காக்க உரிமையில்லாதவன். அவனுக்கு ஆறுதல் சொல்ல ஒருத்தருக்கும் முறை தெரியவில்லை. பூசை முடிய, எங்கள் வீட்டில்தான் எல்லாரும் இருந்தோம். அவன் யேசுரட்ணத்துக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டான்.

"மச்சான், அம்மா சொல்லி அனுப்பினவ. மாக்கிரட்டை நீ கட்டு. எங்களுக்கு மாற்று வேண்டாம். சும்மா தாறம்."

யேசுரட்ணம் நம்பாத அதே மனுசி அனுப்பின சொல் அது. அவன் தலையைக் குனிந்துகொண்டிருந்தான்.

"நான் ஆளைத் தரேல்லை, தாசன்."

"ஆர் இப்ப கேட்டது?"

"நான் கேட்டனான். ஒரே நாளிலை எண்டு நான்தான் கேட்டனான்."

"அவள் உனக்காக இருக்கிறாளடா."

"என்ரை தங்கச்சியும் இருந்தவள்தானே, நான் விடுவன் எண்டு. நான் விடேல்லையே."

பிறகு அந்தோனிதாசன்தான் அழுதான். யேசுரட்ணம் அவனுடைய முதுகைத் தடவிக்கொண்டிருந்தான்.

நாங்கள் சொல்லாத சொல் இல்லை. சுவாமியைக் கொண்டு சொல்வித்தோம். நான் அவனோடு சண்டை பிடித்தேன், "செத்தவளுக்கு நீ செய்யிறது ஒண்டுமில்லை, உயிரோடை இருக்கிறவளை ஏன் வதைக்கிறாய்?" என்று. "அவவை நல்ல இடத்திலை குடுக்கச் சொல்லுங்கோ மாமி" என்பான். அவ்வளவுதான். மாக்கிரட் இரண்டு வருஷம் ஒரு பேச்சுக்கும் ஓம் சொல்லாமல் இருந்தாள். பிறகு இளவாலைப் பக்கத்துப் பிள்ளை ஒருவனைக் கட்டிக் கனடாவுக்குப் போனாள். அங்கேயும் கோயிலில் பாடுகிறாளாம். அந்தோனிதாசன் பிந்தித்தான் கட்டினான். மூத்த பெட்டைக்குப் பற்றிமா என்று பேர் வைக்கட்டோ என்று பெண்சாதியைக் கேட்டானாம். அவள் வேண்டாம் என்றுவிட்டாள். அவளில் குறை இல்லை.

டெரல் அந்தப் பங்குனியோடு அமெரிக்காவுக்குப் போய்விட்டான். யேசுரட்ணம் மண்டபத்துக்கு அதற்குப் பிறகு போகவில்லை. சனிக்கிழமைகளில் கார்லோ வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவான். இரண்டு பேரும் மழையைப் பற்றியும் இறைச்சி விலையைப் பற்றியும் கதைப்பார்கள். கழகத்தின் கதை எடுக்க மாட்டார்கள். கார்லோ செத்தபோது பெட்டியைத் தூக்கின ஆறு பேரில் யேசுரட்ணமும் ஒருவன்.

தாய் மரியநாயகியைத் தொண்ணூறுகளில் இங்கே எடுத்து, கடைசிவரை அவன்தான் பார்த்தான். அவள் ஒருநாளும் அவனைக் குற்றம் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அவள் சாகக் கிடந்தபோது கடைசியாக அவளோடு கதைத்தது நான்தான்.

இப்போது எனக்கும் வயது போய்விட்டது. இவரும் போய்விட்டார். யேசுரட்ணம் ஹொல்ஸ்டெப்ரோவில், ரயில் நிலையத்துக்குப் பின்பக்கத் தெருவில், இரண்டாம் மாடியில் தனியாக இருக்கிறான். தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வெடுத்துவிட்டான். கலியாணம் செய்யவில்லை.